நாற்பது ரூபாய்க்கு ஒரு குறை

உண்மையின் விலை நாற்பது ரூபாய் என்று அவள்தான் வைத்தாள்.

ஒரு குறைக்கு நாற்பது. பேரம் கிடையாது.

செயலி செய்கிறவர்கள் தங்கள் புதுச் சரக்கை இங்கே இறக்குவார்கள். ஊர்பேர் தெரியாத யாரோ அதைத் தம் போனில் ஓட்டிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்வார்கள். சொன்னால் காசு. இரு தரப்பையும் சேர்த்துவைக்கும் தரகு வேலை அவளுடைய செயலிக்கு.

முதலில் அதையே சோதிக்க முப்பத்தொரு பேரைப் பிடித்திருந்தாள்.

‘நல்லா இருக்கு.’

‘சூப்பர் மேடம்.’

ஒருவர் கும்பிடும் கை மட்டும் போட்டிருந்தார்.

முப்பது பேரும் இப்படித்தான். ஒரே ஒருத்தி, வெயிலில் எழுத்து தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

வேலையை விட்டு எட்டு மாதம். நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து பார்க்க வருகிறார்கள். பிடித்தால் முதல் வாடிக்கை. பிடிக்காவிட்டால் பழைய மேலாளருக்குப் போன் போட வேண்டும்.

குறை விற்கும் கடை. இருப்பது ஒரே ஒரு சரக்கு.

மதியம் போன் அடித்தது. உதவி எண் என்று அவள் கொடுத்திருந்தது தன் சொந்த எண்ணை.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி விற்கும் அழகுநாச்சி. அந்த ஒரே ஒருத்தி. பின்னால் ஏலச் சத்தம்.

“ஏம்மா, எழுத்து தெரியலைன்னு சொன்னதுக்கு நாப்பது ரூவா ஏறிருச்சு. எடுக்கத்தான் வழியில்ல. பொத்தான எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

“அடியிலதான்க்கா இருக்கு.”

“அடியில என் விரல்தான் இருக்கு.”

“எழுத்தப் பெருசாக்கி வச்சிருக்கீங்களா?”

“பின்ன, கண்ணாடிக்குத் தனியா செலவழிக்கவா?”

தன் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கினாள். பொத்தான் திரையின் விளிம்புக்குக் கீழே இறங்கி, காணாமல் போனது.

“இதுவும் குறைதானே?”

“குறைதான்க்கா.”

“அப்ப எம்பது.”

“எம்பது. ஏன்க்கா, மத்த முப்பது பேரும் ஒன்னுமே சொல்லலையே?”

அந்தப் பக்கம் சிரிப்பு.

“எப்படி இருக்குன்னுல்ல கேட்டு வச்சிருக்க? காசு குடுக்கறவ மூஞ்சிக்கு நேரா எவ நல்லால்லைம்பா? எதுல அடிபட்டிருக்குன்னு கேளு. கூடையவே கவுத்துக் காட்டுவாங்க.”

செயலியில் கருத்துக் கேட்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. மேலே பெரிதாக, ‘எப்படி இருக்கிறது?’ கீழே ஐந்து நட்சத்திரம்.

எட்டு மாதத்தில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியிருக்கவில்லை.

“நூத்தியிருவதுக்கா,” என்றாள்.

“கேக்காமலே ஏத்துற. யாவாரம் தெரியாத புள்ளையா இருக்க.” யாருக்கோ இரண்டு கிலோ நிறுத்துப் போட்டுவிட்டு வந்தாள். “சரி, இது கொசுறு. கடைக்குப் பேர்ப்பலகை இல்ல. யாரு நடத்துறதுன்னு தேடித் தேடிப் பாத்தேன், எங்கயும் போடல. ஆளு தெரியாத கடையில எவ நம்பி நிப்பா?”

அழகுநாச்சி போனை வைத்துவிட்டாள்.

இவள் எழுத்தைக் கறுப்பாக்கினாள். பொத்தானை மேலே ஏற்றினாள். நட்சத்திரங்களை அழித்துவிட்டு, ‘எங்கே சிரமப்பட்டீர்கள்?’ என்று எழுதினாள். முப்பது பேருக்கும் மறுபடி அனுப்பினாள்.

ஆறு மணிக்குள் நாற்பத்தேழு குறை.

கும்பிடு போட்டவர் மட்டும் ஒன்பது.

ஒவ்வொன்றாகப் படித்தாள். நாளைக்குக் காட்டக் கடை நிறையச் சரக்கு.

கடைசியாக முதல் பக்கத்தின் தலையில் ‘நடத்துபவர்’ என்று தட்டினாள். பக்கத்தில் தன் முழுப் பெயர். வெயிலிலும் தெரிகிற அளவுக்கு.

பிறகு அழகுநாச்சியின் கணக்கைத் திறந்தாள்.

குறை மூன்று. நூற்றிருபது ரூபாய். எடுத்துக்கொண்டாயிற்று.

அதன் கீழே, கொசுறு ஒன்று என்று சேர்த்தாள்.

செயலி தொகை கேட்டது.

பூஜ்யம் போட மனம் வரவில்லை.

பாக்கி என்று எழுதினாள்.