டூயியின் ஒன்பதாவது வருடம்

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும். அலபாமாவில், எங்கள் ஹார்லன் க்ரீக் நீதிமன்றத்தில், பட்டப்பகலில், ஊரே பார்க்க நடந்தது.

கல்லூரி ஃபுட்பாலில் ஒருவன் நான்கு பருவம்தான் ஆடலாம். அடிபட்டு உட்கார்ந்த பருவம் கணக்கில் சேராது. இந்த ஓட்டை வழியாகவே டூயி ஸ்டபிள்ஃபீல்ட் எட்டு வருடம் எங்கள் அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனாக, இருந்துவிட்டான். வயது இருபத்தொன்பது. மூத்த மகள் இரண்டாம் வகுப்பு. அப்பா என்ன படிக்கிறார் என்று டீச்சர் கேட்டால் அவளுக்குத் தெரியாது. கல்லூரிக்கும் தெரியாது.

ஒன்பதாவது வருடத்துக்கும் வழி செய்தாயிற்று. போன செப்டம்பரில் மூன்றாவது ஆட்டத்திலேயே வலது தோள் எலும்பு முறிந்ததாக அணியின் டாக்டர் சான்றிதழ் எழுதினார். விளையாட்டுச் சங்கம் சம்மதிக்கப் போகும் நேரத்தில், பெயர் போடாத ஒரு கடிதம் அங்கே போய்ச் சேர்ந்தது.

'எலும்பும் முறியவில்லை, ஒன்றும் முறியவில்லை. இவனை இனிமேல் ஆட விடாதீர்கள்.'

கூடவே ஒரு புகைப்படம். அடிபட்ட அதே வாரம், மாவட்டக் கண்காட்சியில், ஒரு முழுப் பன்றியைத் தோளில் தூக்கியபடி டூயி.

சங்கம் மறுத்தது. கோச் பக் வேட்லி வழக்குப் போட்டார். டூயிக்கு மாமனாரும் அவர்தான்.

துரோகி யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ரெஜி பூன். டூயி எப்போது போவான் என்று ஐந்து வருடமாக பெஞ்சில் காத்திருக்கும் அடுத்த குவார்ட்டர்பேக். அவன் வண்டியின் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கினார்கள். கறிக்கடைக்காரி அவனுக்குச் சுட்ட விலாக்கறி தர மறுத்தாள். எங்கள் ஊரில் கொலைகாரனுக்குக்கூட விலா உண்டு.

நீதிமன்ற வாசலில் கோச் அவனை மறித்தார். "என்னடா ரெஜி, ஸ்டாம்பு நக்கி நக்கி நாக்கு வறண்டு போச்சா?"

"நான் எழுதல கோச். எனக்கு எழுத வருமான்னு நம்ம காலேஜையே கேட்டுப் பாருங்க."

உள்ளே நீதிபதி லெட்பெட்டர், எங்கள் அணியின் பச்சை டையோடு உட்கார்ந்திருந்தார். சங்கத்தின் வக்கீலம்மா புகைப்படத்தை நீட்டினார்.

"ஐயா, எலும்பு முறிஞ்சவர் நூறு கிலோ பன்றியத் தூக்குவாரா?"

"பன்றி எந்தத் தோள்ல இருக்கு?"

"இடது."

"முறிஞ்சது?"

"வலதுன்னு எழுதியிருக்காங்க."

"அப்புறம் என்னம்மா? சரி, பக்கத்துல நின்னு பன்றிக்குப் பரிசு ரிப்பன் குத்துறாரே, அது யாரு?"

"நீங்கதான், ஐயா."

"அப்ப கண்ணால பார்த்த சாட்சி நானே. பையன் முகத்துல அன்னைக்கு அப்படி ஒரு வலி. பன்றியே பரிதாபமாப் பார்த்துச்சு."

சுத்தியல் விழுந்தது. ஒன்பதாவது வருடத்துக்கு அனுமதி.

எல்லோரும் எழுந்து கத்தினார்கள். டூயி மட்டும் கைகளில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று பெண்களும் அழுதார்கள்.

கோச் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "அழாத மாப்ள! பத்தாவது வருஷத்துக்கும் ஒரு எலும்பு பார்த்து வச்சிருக்கேன்."

"சரிங்க மாமா."

அன்று காலை அதே நீதிபதி ஒரு கார் திருடனுக்கு நான்கே வருடம்தான் கொடுத்திருந்தார்.

ஊர் இன்னமும் ரெஜியைத்தான் திட்டுகிறது. கடிதம் எழுதியது டூயி. மோபில் நகரத் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் வேலை ஒன்று மூன்று வருடமாக அவனுக்காகக் காத்திருக்கிறது. மேலே வந்து விழும் ஆறு தடியன்களுக்கு அஞ்சாதவனுக்கு, மாமனார் முகத்தைப் பார்த்து 'போதும்' என்று சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் டூயியே, முடிவெட்டிக்கொள்ள என் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது, கத்தரிச் சத்தத்துக்கு நடுவே தன் வாயால் சொன்னான்.

டூயிக்கு இருபத்துமூன்று வயதிலேயே தலை முழு வழுக்கை.