ஞாயிற்றுக்கிழமைக் குடைகள்

ஷாங்காய் பூங்காவில், பிள்ளைகளின் விவரம் ஒட்டிய குடைகளை விரித்து வைத்து, வரன் தேடுபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பையன் பேங்க் மேனேஜர். ரெண்டு ஃப்ளாட் இருக்கு" என்றாள் குயிஃபெங்.

பக்கத்துக் குடை யூச்சின் உதட்டைச் சுழித்தாள். "ரெண்டுதானா? எங்க பொண்ணு பேர்லயே மூணு இருக்கு."

"அதான் முப்பத்தஞ்சு வயசுலயும் மாப்பிள்ளை கிடைக்கலையாக்கும்!"

"உங்க பையன் மட்டும் குழந்தையா? போட்டோவுலயே வழுக்கை மின்னுது!"

அதற்குள் குயிஃபெங்கின் செல்போன் அலறியது.

"சொல்லுங்க மேடம்... சாயங்காலம் வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். வந்து மீனைக் கழுவிட்டு, தம்பி சட்டையத் தேய்ச்சுடறேன்."

யூச்சின் வாயைப் பிளந்தாள். "அக்கா, நீங்களும் வீட்டு வேலையா? எங்க மேடத்துக்கும் இங்க வந்து உட்கார வெட்கம். என்னை அனுப்பிட்டாங்க!"

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"உங்க சொந்தப் பிள்ளை?" என்று கேட்டாள் யூச்சின்.

"ஒரே பையன். பார்சல் டெலிவரி பண்றான். சொந்த வீடு இல்லைன்னு எந்தப் பொண்ணும் திரும்பிப் பார்க்கல. உனக்கு?"

"ஒரே பொண்ணு. ஓட்டல்ல வேலை. நாங்களும் வாடகை வீடுதான்."

குயிஃபெங் தன் குடையை மடக்கிவிட்டு, யூச்சினின் குடைக்குள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு போட்டோவக் காட்டுங்க, சம்பந்தி."