சிவப்பு அம்பு

வீரபாண்டியில் அந்தப் பனியன் கம்பெனியில் யார் மயங்கினாலும் வேஸ்ட் துணிக் குவியலில் படுக்க வைத்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுப்பார்கள். காலையில் சாப்பிடாமல் ஓடி வருகிறவர்கள்தானே. பத்தரை மணிக்கு டெய்லர் பாண்டியம்மாளுக்கு வாய் கோணியபோது செக்கிங் ஷம்ஷாத்தும் அதைத்தான் செய்தாள்.

“ஒண்ணுமில்லீங்க்கா, சுகர் கொறஞ்சிருக்கும். செத்த படுங்க.”

வலது கை தொங்கியதையும் அவள் பார்த்தாள். அன்றைக்கு லாரியில் சரக்கு ஏற வேண்டும். பார்க்காததுபோலத் துணியைப் புரட்டினாள். ஓட்டை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அன்று ஓட்டையே கிடைக்கவில்லை. ஸ்டிக்கர் தாள் ஏப்ரன் பையில் முழுசாக இருந்தது.

பாண்டியம்மாளை அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது மணி நாலு. பெயரைக் கேட்டதும் டாக்டர் ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஃபிலிமை எடுத்தார்.

“சுகர் கொறஞ்சாலும் இப்படித்தான் இருக்கும். அதனாலதான் காலையிலயே ஸ்கேன் பண்ணிப் பக்கவாதம்னு சொன்னேன். அப்பவே ஊசி போட்டிருக்கலாம். டீ குடிச்சாச் சரியாயிரும்னு நீங்கதானேம்மா கூட்டிட்டுப் போனீங்க?”

“இல்லீங்க டாக்டர், நாங்க இப்பத்தானுங்க வர்றோம்.”

ஃபிலிமில் பாண்டியம்மாளின் பெயரும் வயதும் இருந்தன. நேரம் பத்து ஐம்பது. அந்நேரம் அவள் ஷம்ஷாத்தின் கண்ணெதிரே துணிக் குவியலில் கிடந்தாள்.

மூளையின் இடப்பக்கம் வெளுத்திருந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

ஷம்ஷாத் ஏப்ரன் பையிலிருந்து தாளை எடுத்தாள். அதில் ஒரே ஒரு அம்பின் இடம் மட்டும் காலியாக இருந்தது.