லீவரை விடாத கை

சட்டைப் பையில் போன் மறுபடி அடித்தது. எடுக்க ஆபரேட்டருக்குக் கை இல்லை. இருந்த இரண்டும் லீவர்களில் இருந்தன.

கூப்பிடுவது தங்கைதான், வேறு யார்? மத்தியானம் போன் போட்டு, புருஷன் சாப்பிட்டாரா என்று அண்ணனிடம் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு அவளிடம் என்னவென்று சொல்வது? உன் புருஷன் கான்கிரீட் பலகைக்கு அடியில் கிடக்கிறான் என்றா?

அவர் ஓட்டும் வண்டி, சேறு மேடு பார்க்காமல் ஏறி, நீண்ட கையை நீட்டிப் பாரம் தூக்கும் ரகம். எத்தனை கட்டிடம் பார்த்ததோ, அதற்கே மறந்திருக்கும். தூக்கியதைத் தாங்கிக்கொண்டு நிற்க இப்போது அதற்குத் தெம்பில்லை. லீவரை விட்டால் எண்ணெய் கசிந்து தூக்கிய கை மெல்ல இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது.

அதனால் அவருடைய வலது கை தூக்கும் லீவரில், இடது கை சேற்றில் சாயும் வண்டியை நிமிர்த்தும் லீவரில், கால் பிரேக்கில். முதுகு அரித்தால்கூட அடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ராத்திரி பெய்த மழையில் தரை ஊறி, நிறுத்தி வைத்திருந்த சுவர்ப் பலகையின் முட்டு சறுக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கையும் சரித்துக்கொண்டு பலகை விழுந்தது. வண்டி தன் பலத்தையெல்லாம் கூட்டி அதன் ஒரு விளிம்பை ஒரு சாண் தூக்கியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பலகை நிழலில்தான் மாப்பிள்ளை தினமும் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் சாய்வான். கம்பெனி கொடுத்த ஹெல்மெட் ஓரமாகக் கிடந்தது. கம்பெனி பூட்ஸ் ஒன்றின் குதிகால் மட்டும் செங்கல் குவியலுக்கு வெளியே தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஒருத்தருக்கும் மனசு துணியவில்லை. ஆட்கள் குனிந்து, வெறுங்கையால் செங்கல்லை எடுத்து எடுத்து வீசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் நடந்தது வேறு ஆபரேட்டரின் நெஞ்சை அறுத்தது. பாரத்துக்குக் கயிறு கட்டிச் சைகை காட்டுவது மாப்பிள்ளையின் வேலை. இன்று சைகையைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டிவிட்டான். வீட்டில் வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை என்று தாங்குகிறவர், இத்தனை பேர் முன்னால், "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு?" என்று கத்திவிட்டார். அவன் நகர்ந்து போனான். சாப்பிடவும் பக்கத்தில் வரவில்லை. இவரும் வீம்பாக இருந்துவிட்டார்.

மேஸ்திரி மாப்பிள்ளையின் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். மணி எங்கே கேட்கிறதோ அங்கே தோண்டலாம் என்று அவர் கணக்கு. காதில் வைத்தவர் முகம் சுருங்கியது.

"பிஸின்னே வருது. போனும் நசுங்கிடுச்சு போல."

இன்ஜினிலிருந்து புகை கிளம்பியது. சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரமாவது அணைத்து வைக்கச் சொல்லி மெக்கானிக் கீழேயிருந்து கையை ஆட்டினார். அணைத்தால் பலகை இறங்கிவிடும் என்று அவருக்கும் தெரியும், பாவம். அவர் பயம் அவருக்கு.

"எரிஞ்சா என்னோட சேர்ந்தே எரியட்டும். நான் கைய எடுக்க மாட்டேன்."

தோள்பட்டை மரத்துப் போய்விட்டது. சும்மா இருந்தவனை வேலை இருக்கிறது வா என்று கூட்டி வந்ததே அவர்தான். அந்தப் பலகையை அங்கே கொண்டுவந்து வைத்ததும் அவர்தான். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் வண்டியிடமே கெஞ்சினார், இன்னும் கொஞ்சம் தாங்கு தாயே என்று. வியர்வையும் கண்ணீரும் கலந்து மீசையில் இறங்க, துடைக்க வழியில்லாமல் அழுதார்.

போன் அடித்து ஓய்ந்து, விடாமல் திரும்ப அடித்தது. மேஸ்திரிக்கே பொறுக்கவில்லை. படியில் கால் வைத்து வண்டிமேல் ஏறி வந்தார்.

"சொல்லிடுப்பா. நாளைக்கு அந்தப் பொண்ணு ஏன் மறைச்சேன்னு உன்னத்தான் கேக்கும்."

வேண்டாம், என்னால் முடியாது என்று ஆபரேட்டர் தலையை ஆட்டினார். தடுக்கத்தான் கை இல்லையே. மேஸ்திரி பையிலிருந்து போனை உருவினார். அந்தப் பெண்ணின் அழுகையைக் கேட்கும் தைரியம் அவருக்கும் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, திரையைப் பார்க்காமலே தடவித் தடவி பொத்தானை அமுக்கி, ஆபரேட்டரின் காதில் வைத்தார்.

ஆபரேட்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மாடி... அண்ணன் உனக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன்மா."

போனில் பஸ்கள் ஹாரன் அடிக்கும் சத்தம்தான் கேட்டது. அப்புறம், ரோஷம் பாதி ஆறிய குரல் ஒன்று தயங்கித் தயங்கிப் பேசியது.

"கம்பெனி பூட்ஸ அங்கயே கழட்டிப் போட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்... இன்னுமா கோவம் தீரல, மச்சான்?"