கெட்டிமேளத்துக்கு விட்ட இடம்

“இன்னும் ஒருதரம் வாசிங்கப்பா” என்றாள் சுடர்விழி, லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விராலிமலைக் கல்யாண மண்டபத்தின் மேடையோரம். நாயனத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக். திரையில் இரண்டுக்கும் தனித்தனிக் கோடு ஓடியது.

அப்பா குழந்தைசாமி நாயனத்தை உதட்டில் வைத்து இழுத்தார். திரையில் பச்சையில் நின்ற ஒலி அளவு மஞ்சளைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அப்பாவைத் தெரியும். சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் அரை மூச்சுதான் கொடுப்பார். கெட்டிமேளம் என்று குரல் கேட்டுவிட்டால் மண்டபமே அதிரும். அப்போது லெவல் சிவப்பில் முட்டினால் ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததை எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது.

முப்பது வருடமாக ஊர் ஊராக வாசிக்கிறார். கல்யாண வீடியோக்களில் எல்லாம் அவர் வாசிப்பு கரகரவென்று கிழிந்துதான் கிடக்கிறது. திருச்சியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு அது ஒரு குறை.

நாயனத்தின் லெவலை இறக்கினாள். மொத்தமாக வெளியே போகும் அவுட்புட் லெவலையும் ஒரு பிடி இறக்கினாள்.

“இம்புட்டு எறக்குனா என்னத்தா கேக்கும்?” என்றார் தவில்காரர் ஆண்டிச்சாமி.

“அப்பா பக்கத்துலயே ஒக்காந்திருக்கீங்க மாமா. ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் சிரித்துக்கொண்டே தவிலை மடிக்கு இழுத்தார்.

பின்னாலிருந்து சொர்ணம் அத்தை வந்து அவள் ஹெட்போனைக் கழற்றினாள். நசுங்கிய பூவைச் சரிசெய்தாள்.

“அடியே, மாப்பிள்ளை வந்து ஒக்காந்தாச்சு. பொண்ணு எங்கன்னு ஐயரு கேக்குறாரு. எந்திரி!”

பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுச் சுடர்விழி மணவறைக்குப் போனாள்.

தாரை வார்க்க அப்பாவுக்குப் பதில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். தன் மகள் கல்யாணத்தில் இன்னொருவர் நாயனம் ஒலிக்கக் கூடாது என்பது குழந்தைசாமியின் பிடிவாதம்.

“கெட்டிமேளம், கெட்டிமேளம்!”

தவில் இடிபோல் இறங்கியது. தவில் மட்டும்.

தலைகுனிந்திருந்தவளுக்கு முதலில் மைக் போய்விட்டதோ என்றுதான் தோன்றியது. மைக் போனால் காதுக்குமா கேட்காது?

நிமிர்ந்து பார்த்தாள். நாயனம் உதட்டில்தான் இருந்தது. அப்பாவின் கன்னங்கள் உப்பவில்லை.

மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகுதான் முதல் ஸ்வரம் வந்தது. பிசிறித் தடுமாறி, மெல்லத் தவிலோடு சேர்ந்துகொண்டது.

மறுநாள் பதிவைக் கேட்டபோது கணவன் சந்தோஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான். “இந்த எடத்துல மட்டும் மாமா வேற எங்கயாச்சும் வாசிச்சதை எடுத்து ஒட்டிரலாமா?”

சுடர்விழி தவில் மைக்கின் ஒலியை நிறுத்தினாள். அப்பாவின் மைக்கை மட்டும் வைத்து, லெவலை மேலே தள்ளிக்கொண்டே போனாள். பிறகு ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள்.

தூரத்தில் ஒலிக்கும் தவிலுக்கு நடுவே, நாயனத்தின் வாயிலிருக்கும் சீவாளியில் மூச்சு மட்டும் போய்ப் போய்த் திரும்பியது. ஒருமுறை. இன்னொரு முறை. நாயனம் பேசவில்லை.

பிறகு, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, அவர் மகளைக் கூப்பிட்டிருந்தார்.

“ஆத்தா...”