ஒட்டகச்சிவிங்கியின் குரல்

"ரெண்டாம் கிளாஸ் போற பொண்ணுக்கு இன்னும் நீதான் கதை வாசிச்சுக் காட்டுறியாடா?"

கதவோரம் நின்று பாதி அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா இதைக் கேட்டாள்.

தம்பி புத்தகத்தைத் தாழ்த்தினான். அவன் தோளில் சாய்ந்திருந்த மகள் சிட்டு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

அது படப்புத்தகம் இல்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற கதை. கலங்கரை விளக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒட்டகச்சிவிங்கி, மாடிப்படி வளைவில் கழுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. சாப்பாடு முடிந்ததும் தினம் ஒரு அத்தியாயம் என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு.

"அது... அ... அவளுக்கு..."

"அவளுக்குப் பிடிக்குது. அதானே?"

தம்பி தொடங்குகிற வாக்கியத்தை அக்காதான் முடிப்பாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவனுக்குத் திக்குவாய். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை. அங்கே அவனுக்கு வைத்திருக்கிற பேர் மௌனச்சாமி.

அக்கா பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. லீவுக்குத் தம்பி வீட்டுக்கு வந்தாலும் சாக்பீஸைக் கீழே வைக்கத் தெரியாதவள்.

புத்தகத்தை வாங்கி மருமகள் முன்னால் நீட்டினாள். "எங்கே, இந்த வரியை வாசி பார்ப்போம்."

சிட்டு வரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"வராது அத்தை."

"எழுத்துக் கூட்டியாவது?"

"ம்ஹூம்."

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினாள். "கேட்டியாம்மா? வராதுன்னு கூச்சமில்லாம சொல்றா. இவன் ஊட்டி ஊட்டியே சோம்பேறி ஆக்கி வச்சிருக்கான். நீயும் பார்த்துக்கிட்டு இருக்கே."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தம்பி மனைவி திரும்பவில்லை. "விடுங்க அண்ணி. தானா வரும்."

"தானா வர்றது தலைவலிதான். டேய், நாளையிலேருந்து நீ வாசிக்கிறதை நிறுத்து. கழுத்து மாட்டினது மாட்டினபடியே நிக்கட்டும். கதை வேணும்னா அவளே படிச்சு எடுத்துவிடட்டும்."

"ஆ... ஆனா அக்கா..."

"ஆனா, ஆவன்னாவை அவளுக்குச் சொல்லிக்கொடு."

தம்பி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பட்டறையிலிருந்து கொண்டு வந்த இன்சுலேஷன் பேப்பர் துண்டு ஒன்றை அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்து, புத்தகத்தை அலமாரி மேல் வைத்தான். சிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம். தம்பி பட்டறைக்கும் அவன் மனைவி கடைக்கும் போயிருந்தார்கள். கண்ணயர்ந்திருந்த அக்காவை ஒரு குரல் எழுப்பியது.

பின்னறையில் யாரோ வாசிக்கிறார்கள். நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, கேள்வி வருகிற இடத்தில் குரலை ஏற்றி, தண்ணி பட்ட பாடாக.

எட்டிப் பார்த்தாள். அழுக்குத்துணிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, கை போன பொம்மைக்குச் சிட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒட்டகச்சிவிங்கி மாடிப்படியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அத்தியாயம் முடிந்ததும், பேப்பர் துண்டை அப்பா வைத்திருந்த பழைய பக்கத்திலேயே பத்திரமாக வைத்தாள்.

"வராதுன்னு சொன்னே?"

புத்தகம் பாவாடைக்குள் போனது.

"பொய் சொல்றவங்களை எங்க ஸ்கூல்ல என்ன செய்வேன் தெரியுமா?"

"தெரியும். அப்பா சொல்லியிருக்காரு. முட்டி போட வைப்பீங்க." சொல்லிக்கொண்டே சிட்டு முட்டி போட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "எந்திரி. ஏண்டி பொய் சொன்னே?"

"அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"சரி, சொல்லு."

"எனக்கு வாசிக்க வந்துடுச்சுன்னா அப்பா யாருக்கு வாசிப்பாரு?"

"அவனுக்கென்ன, நிம்மதியா காலை நீட்டிப் படுப்பான்."

"இல்ல அத்தை. மொதல்ல வாசிச்சப்போ அப்பாவுக்கு வரிக்கு வரி திக்குச்சு. அப்புறம் ஒட்டகச்சிவிங்கி பேசுற இடம் வந்துச்சு. தொண்டைக்குள்ளேருந்து ஒரு குரல்ல பேசினாரு பாருங்க, அதுல திக்கவே இல்ல. இப்பல்லாம் எந்த வரிக்கும் திக்குறதில்ல. அம்மாவுக்குக்கூடத் தெரியும். நேத்து நீங்களும் கேட்டீங்கள்ல?"

கேட்டுக்கொண்டுதான் நின்றாள். காதில்தான் ஏறவில்லை.

தம்பியை வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் எழும்புகிற சிரிப்பு, அந்தக் காலத்தில் பக்கத்து வகுப்பில் இருந்த அவள் வரைக்கும் வரும். அந்தச் சிரிப்பு வராமலிருக்கத்தான் அவன் வாக்கியத்தையெல்லாம் அவள் முந்திக்கொண்டு முடிக்கப் பழகினாள்.

"அத்தை, சொல்ல மாட்டீங்கள்ல?"

அக்கா முகம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. தம்பி அலமாரியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"அக்கா... இ... இன்னிக்கு..."

அக்காவின் உதடு பழக்கதோஷத்தில் அசைந்தது. அழுத்தி மூடிக்கொண்டாள்.

"...இன்னிக்கு ஒ... ஒரு நாள் மட்டும்... வா... வாசிக்கட்டுமா?"

அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். சிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு அத்தையையே பார்த்தாள். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"மத்தியானம் உட்காரவச்சுப் பார்த்துட்டேண்டா. இந்த மண்டுவுக்கு ஒரு எழுத்தும் ஏறல," என்றாள் தலைமையாசிரியை, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்து. "நீதான் வாசிக்கணும். இது முடியறதுக்குள்ள இன்னும் தடியா ஒண்ணு வாங்கி வை."