தோலில் ஒட்டிய சொல்

கொய்ம்ப்ரா ஆவணக் காப்பகத்தின் உயரமான ஜன்னலிலிருந்து பிற்பகல் வெயில் ஆட்டுத்தோல் பத்திரத்தின்மேல் சாய்ந்து விழுகிறது. சுருளத் துடிக்கும் ஓரத்தை ஈயக்குண்டு கோத்த கயிறு அழுத்திப் பிடித்திருக்கிறது. இடலினா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பழைய போர்ச்சுகீசியத்தில் 'அதை', 'எனக்கு' போன்ற, தனித்து நிற்க வலுவில்லாத குட்டிச் சொற்கள் எந்தச் சொல்லின் தோளில் சாய்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. வினைச்சொல்லின் தோளில் என்று வருடக்கணக்காக எழுதி முடித்துவிட்டாள். இந்தப் பத்திரங்களை அவளுடைய ஆய்வு வழிகாட்டி பதிப்பித்த அச்சுப் புத்தகம் அப்படித்தான் காட்டியது. ஆய்வேட்டில் ஒரு படம் எடுத்துச் சேர்க்கலாமென்று இன்றுதான் மூலத்தைப் பார்க்கிறாள். இங்கே குட்டிச் சொல் வினையை விட்டு விலகி, முந்தைய சொல்லோடு ஒரே பேனா இழுப்பில் ஒட்டிக் கிடக்கிறது. அடுத்த வரியிலும் அப்படியே. பக்கத்து மேசையில் முத்திரைகளை ஆராயும் பெனெடிட்டா எட்டிப் பார்க்கிறாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"இங்க ஒட்டியிருக்கறத அச்சுல பிரிச்சு வெச்சிருக்காரு. அதைப் பத்தி முன்னுரையில ஒரு வார்த்தை இல்ல."

"யாரு, உன் கைடா? அந்தப் புத்தகத்தைத் தலையில வெச்சுக் கொண்டாடுனியே."

இடலினா உதடு மட்டும் அசைய அந்த வரியைத் தோலில் உள்ளபடி படிக்கிறாள். மூச்சு தடையில்லாமல் வழுக்கிப் போகிறது. அச்சில் உள்ளபடி படித்தால் நொண்டுகிறது. நொண்டாமல் இருக்காதா என்று மறுபடி படிக்கிறாள். மறுபடியும் நொண்டுகிறது.

"அடுத்த மாசம் ஆய்வேட்டைக் கொடுக்கணுமேடி," என்கிறாள் பெனெடிட்டா, இப்போது கிண்டல் இல்லாமல்.

இடலினா ஊழியரைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். எந்தப் பத்திரக் கட்டு வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

"எல்லாம்."